பழைய வாக்குவம் கிளீனர்: சேகரிப்பும் சீரமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் 1908க்கும் 1960களுக்கும் இடையில் அமெரிக்கா, பிரிட்டன், ஸ்வீடன் நாடுகளில் தயாரான வீட்டு இயந்திரங்கள். இந்தியாவில் இருந்துகொண்டு வாங்க நினைப்பவர்கள் 120 வோல்ட் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டு, வேலையை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது.

இதைக்கூடவா சேகரிப்பார்கள்?

சேகரிக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. பழைய ரேடியோவோ கேமராவோ சேகரித்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, தூசு அள்ளும் மெஷின் என்றதும்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் அமெரிக்க வீடுகளில் பல பத்தாண்டுகள் இருந்த கறுப்பு டெலிபோனை வடிவமைத்த ஹென்றி டிரைஃபஸ்தான் 1936இல் வந்த ஹூவர் 150ஐயும் வடிவமைத்தார். அடுத்த ஆண்டே லுரெல் கில்ட் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் 30 வந்தது. சறுக்குக்கட்டை மேல் ஏறிய ரயில் எஞ்சின் போல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இன்னொரு காரணம், இவற்றை ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு முழுக்கக் கழற்றிவிடலாம். உள்ளே சர்க்கிட் போர்டு கிடையாது. ஒட்டிவிட்ட மூடியும் கிடையாது.

முதல் வாக்குவம் கிளீனர் எது?

இதற்கு ஒரே பதில் இல்லை. "முதல்" என்ற முத்திரையோடு ஏதாவது விலைக்கு வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். 1869இலேயே சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெகாஃபி என்பவர் கையால் சுற்றும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

மோட்டார் காலத்துக் கதையில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் ஒரு கருவியின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. துணியை வாயில் வைத்து நாற்காலி மெத்தையை உறிஞ்சிப் பார்த்தார் என்பார்கள். துணியில் அழுக்கு படிந்தது, 1901இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அவர் செய்த இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் தெருவில் நிற்கும், நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே போகும். 1902இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இதுதான். அதன் பிறகு பணக்கார வீடுகளில் விருந்தாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதை வேடிக்கை பார்த்தார்கள்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணியாளர். அவருக்கு ஆஸ்துமா. துடைப்பத்தால் பெருக்கும்போது கிளம்பும் தூசு தாங்காமல், ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை இவற்றை இணைத்து ஒரு கருவி செய்தார். 1908 ஜூன் 2இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவரின் மனைவி சூசன் அதைப் பயன்படுத்திப் பார்த்துப் பிடித்துப்போய்க் கணவரிடம் சொல்ல, ஹூவர் உரிமையை வாங்கினார். மோட்டார் கார் வந்து குதிரைச் சேணம் விற்பது குறைந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டே 'மாடல் ஓ' வெளியானது. அந்தத் தலையணை உறையும் துடைப்பக் கைப்பிடியும் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு எல்லா நிமிர்ந்த மாடல்களின் உருவத்தையும் தீர்மானித்துவிட்டன. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் அந்த உருவத்தைத்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர் எதை வாங்கலாம்?

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால் கர்பி. 1935இன் மாடல் சி தொடங்கி அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. வார்ப்பு அலுமினிய உடம்பு, முன்னால் மோட்டார், கைப்பிடியை ஒட்டித் தொங்கும் பை. உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. வீடு வீடாகப் போய் விற்கப்பட்ட விலை உயர்ந்த மெஷின் என்பதால் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதனால் பழைய சந்தையில் தட்டுப்பாடு இல்லை. (1986இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே, கர்பியின் தாய் நிறுவனமான ஸ்காட் ஃபெட்சரையே வாங்கியது. அந்த விற்பனை முறை எவ்வளவு பணம் கொட்டியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.)

பிரிட்டனில் இருந்தால் ஹூவர் ஜூனியர். சிறியது, எடை குறைவு, கார் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படும்.

தூக்கி வைக்க இடம் குறைவு என்றால் எலக்ட்ரோலக்ஸ் சிலிண்டர் மாடல். 1921இல் ஆக்செல் வென்னர்-கிரென்னின் நிறுவனம் கொண்டுவந்த மாடல் 5தான் நீளவாட்டில் படுத்தபடி சறுக்குக்கட்டையில் நகரும் உருவத்தைப் பரப்பியது. படுக்கைக்கு அடியில் நான்கைந்து அடுக்கலாம்.

கோள வடிவ ஹூவர் கான்ஸ்டலேஷன் 1950களில் வந்தது. தான் வெளியேற்றும் காற்றின் மேலேயே மிதந்து நகரும். பார்க்க அழகு, ஆனால் முதல் மெஷினாக வேண்டாம். வெளிமூடி நசுங்காமல் கிடைப்பது அபூர்வம், மேடுபள்ளம் உள்ள தரையில் மிதக்கவும் செய்யாது.

எலக்ட்ரோலக்ஸ் என்று பெயர் இருக்கிறது, ஸ்வீடன் நிறுவனத்துக்கு பாகமே கிடைக்கவில்லையே?

அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ் என்றால் கதை வேறு. ஸ்வீடன் நிறுவனம் 1968இல் அங்கே தன் பங்குகளை விற்றுவிட்டது. அதன் பிறகு பெயர் ஒன்று, நிறுவனம் இரண்டு. 2000 வாக்கில் பெயர் ஸ்வீடனுக்கே திரும்பிப் போக, அமெரிக்க நிறுவனம் ஏரஸ் ஆனது. கனெக்டிகட்டில் தயாரானது என்று தகட்டில் இருந்தால் ஏரஸ் வழியாகத் தேடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புதியவர்கள் எல்லோரும் "ஓடுகிறதா" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது அதை அல்ல. மோட்டாரைச் சரிசெய்துவிடலாம், உலோகத்தைப் பளபளப்பாக்கிவிடலாம். எண்பது ஆண்டுகளில் அழிவது மென்மையான பொருட்கள்: துணிப்பை, ரப்பர் ஒயர், குழாய், பெல்ட், முன்விளிம்பில் மேசைக்கால் அடிபடாமல் ஓடும் ரப்பர் பட்டை, பிரஷ்ஷின் மயிர். இவற்றுக்கு அசல் மாற்று கிடைப்பதுதான் கடினம். அதனால் ஓடாத ஆனால் அசல் பை முழுசாக உள்ள மெஷினை, ஓடும் ஆனால் பை கிழிந்த மெஷினுக்கு மேலாகவே நான் மதிப்பேன்.

பார்க்க வேண்டிய வரிசை இது. பை கிழிந்திருக்கிறதா, எழுத்துகள் மங்காமல் இருக்கின்றனவா? பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) மூடியில் முடி போன்ற விரிசல் உண்டா? விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். விசிறியைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா, எங்காவது உரசுகிறதா? தகடும் சீரியல் எண்ணும் இருக்கின்றனவா? கூடவே வந்த உபகரணங்கள் எத்தனை மிச்சம்? அசல் பெட்டியோடு முழு செட்டும் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள்.

விசிறி விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய நிமிர்ந்த மாடல்களில் அழுக்குக் காற்று விசிறி வழியாகவே பைக்குப் போகும். உள்ளே போன நாணயமும் ஆணியும் இறக்கையை உடைத்திருக்கும். ஓர் இறக்கை நுனி போயிருந்தால் மெஷின் நடுங்கும், அந்த நடுக்கம் பேரிங்கையும் கெடுக்கும். மெத்தை விரித்த மேசையில் விற்பவர் ஓட்டிக் காட்டினால் நடுக்கம் தெரியாது. தரையில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் ஒயரை வளைத்துப் பாருங்கள். வெளியே துணி நூல் அழகாக இருக்கும், உள்ளே ரப்பர் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். அப்படியிருந்தால் ஒயரை மாற்றாமல் அடுத்த வேலை இல்லை.

அப்புறம் மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி). பிளக்கின் இரண்டு பின்களையும் சேர்த்து, அவற்றுக்கும் உலோக உடம்புக்கும் இடையே 500 வோல்ட்டில் அளந்து பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்காதீர்கள். ஈரம் ஏறிய காயிலாக இருந்தால் மோட்டாரைக் கழற்றி இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு மறுபடி அளக்கலாம். பெரும்பாலும் ஏறிவிடும்.

கடைசியாக சீரீஸ் லேம்ப். எலக்ட்ரீஷியன்கள் பலகையில் வைத்திருக்கும் அதே பழைய குண்டு பல்பு ஏற்பாடுதான், எல்இடி பல்பு இதற்கு ஆகாது. 100 அல்லது 200 வாட் பல்பு வழியாக மின்சாரம் கொடுக்கும்போது பல்பு எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தால் நல்ல சகுனம். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையவே இல்லை என்றால் ஷார்ட்டாக இருக்கலாம், அல்லது பேரிங் இறுகியிருக்கலாம். பல்பு எரியவே இல்லை என்றால் ஒயர், சுவிட்ச், கார்பன் பிரஷ் மூன்றில் ஒன்று விட்டிருக்கிறது.

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் மெஷின்களில் ரேடியோ கரகரப்பைத் தடுக்க ஒரு சிறிய கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். பழைய காகித வகை, வெடித்துப் புகைவதில் பேர்போனது. நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் எடுத்துவிட்டு, மின்இணைப்புக்கென்றே தயாராகும் எக்ஸ்2, ஒய்2 வகைகளில் உரியதைப் போடுங்கள்.

உள்ளே இருக்கும் பழைய தூசு ஆபத்தானதா?

ஆம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் உண்டு, அது உதிர்ந்து தூசோடு சேர்ந்திருக்கும். சில பழைய மின்கருவிகளில் சூடு தாங்க அஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தினார்கள், சில பேக்கலைட் வகைகளிலும் அது கலந்திருக்கும். 1930களில் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிக்கு மருந்து பரப்பும் இணைப்புகளையும் சேர்த்து விற்றார்கள். அந்த டப்பாவுக்குள் பழைய பூச்சி மருந்து மிச்சம் இருக்கலாம்.

பையை வீட்டுக்கு வெளியே, நல்ல முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு காலி செய்யுங்கள். உள்ளே வெள்ளையாக, நார் நாராக ஏதாவது சுற்றியிருந்தால் கை வைக்காமல் மூடிவிடுங்கள்.

மோட்டாரை நானே சரிசெய்ய முடியுமா?

மிக்சி மோட்டாரைத் திறந்து பார்த்தவர் என்றால் முடியும். இரண்டும் ஒரே இனம்: யுனிவர்சல் மோட்டார். ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர், அதன் மேல் உரசும் இரண்டு கார்பன் பிரஷ்கள்.

பிரஷ் 6 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அசல் அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷை வாங்கி, தட்டையான அரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டு வரலாம். பிரஷ் அதன் கூட்டுக்குள் தளர்வாக ஆடவும் கூடாது, இறுகி நிற்கவும் கூடாது. கழற்றும்போது எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்துவிட்டால் பழையதையே திரும்பப் போடும்போது பொருந்தி உட்காரும்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் சுற்றிப் பிடித்துத் தேய்க்கலாம். எமரி வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தி செம்புத் துண்டுகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளிகளில் இருக்கும், மின்சாரம் கடத்தாத மைக்கா செம்புக்கு மேலே தூக்கி நின்றால் பிரஷ் குதிக்கும். மைக்காவைக் கூரான கருவியால் சற்றே கீழே இறக்க வேண்டும். இது பொறுமையான வேலை, ஒரு சாயங்காலம் போய்விடும்.

சரி, ஓடவிடும்போது பிரஷ் முனையில் சின்ன நீலப்பொறி வந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடினால் அடங்கும். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம் போலத் தீப்பொறி ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஆர்மேச்சர் காயில் போயிருக்கிறது.

காயில் போய்விட்டால்?

அங்கேதான் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வசதி. மேற்கு நாடுகளில் ஒரு சிறிய ஆர்மேச்சரை மறுபடி கட்டித் தரும் ஆளைத் தேடுவதும், அதற்குக் கூலி கொடுப்பதும் பெரும்பாடு. சேகரிப்பாளர்கள் இன்னொரு செத்த மெஷினை வாங்கி அதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மிக்சி ஆர்மேச்சர் கட்டுபவரிடம் கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் கட்டித் தருவார். ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: கம்பியின் கனமும் சுற்று எண்ணிக்கையும் பழையபடியே இருக்க வேண்டும். "கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் கட்டித் தரேன் சார்" என்று அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த வேகத்துக்கு விசிறி தாங்காது.

என்ன எண்ணெய் விடலாம்?

பேரிங்கைப் பொறுத்தது. புஷ் வகையாக இருந்தால் பக்கத்தில் எண்ணெய் உறிஞ்சிய ஃபெல்ட் துண்டு இருக்கும். அதைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்து, மோட்டாருக்கென்று விற்கும் மெல்லிய டர்பைன் எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். பால் பேரிங்காக இருந்தால் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும், கழற்றிப் புதிதாகப் போடுவதே மேல். பக்கவாட்டு வளையத்தில் 608 போன்ற எண் பொறித்திருந்தால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணே இல்லாத விசித்திர அளவு என்றால் லேத் பட்டறைக்காரர் உதவி தேவைப்படும்.

தேங்காய் எண்ணெய் கூடாது, கோந்தாகிவிடும். டபிள்யூடி 40 இறுகியதை இளக்கத்தான், பேரிங்குக்கு உயவு அல்ல.

ஒயரை மாற்றினால் மதிப்பு குறையுமா?

ஒரு சில அபூர்வ மெஷின்களில் குறையலாம். ஷாக் அடித்து விழுந்தால் அதைவிட நஷ்டம். பழைய ஒயரைச் சுருட்டி ஓர் உறையில் போட்டு மெஷினோடு வைத்துவிடுங்கள், பிறகு யார் வாங்கினாலும் அசலும் கையில் இருக்கும். துணி நூல் பின்னிய புது ஒயர் பழைய விளக்குகளுக்காக விற்கிறார்கள், அதில் மெஷினின் ஆம்பியரைத் தாங்குவதைப் பார்த்து வாங்கலாம்.

உலோக உடம்பாக இருந்து, பழைய ஒயரில் இரண்டு கம்பிதான் இருந்தால், மூன்று கம்பி ஒயர் போட்டு உடம்புக்கு எர்த் கொடுத்துவிடுவது என் வழக்கம். பழைய பிரிட்டிஷ் மெஷினில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க மெஷினில் கறுப்புதான் லைன், வெள்ளை நியூட்ரல். இந்த ஒரு குழப்பத்தால் விபத்து வரும், ஜாக்கிரதை.

மிகப் பழைய மெஷினில் பல்பு ஹோல்டரில் மாட்டும் பிளக்கைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அப்போது பல வீடுகளில் விளக்குக்கு மட்டும்தான் மின்இணைப்பு இருந்தது, சுவரில் பிளக் பாயின்ட் கிடையாது. அந்தப் பிளக்கையும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய உடம்பைக் கண்ணாடி போல ஆக்குவது எப்படி?

ஆக்குவதற்கு முன், ஆக்க வேண்டுமா என்று யோசியுங்கள். கர்பி தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பாக வந்தது, அதை மறுபடி பளபளப்பாக்குவது நியாயம். ஆனால் பெயிண்ட் அடித்து வந்த மெஷினைச் சுரண்டி வெள்ளி போல மினுக்க வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அங்கங்கே பெயிண்ட் உரிந்த அசல் மெஷின் அழகானது. அதைக் கழுவி மெழுகு போட்டு விட்டுவிடலாம்.

பளபளப்பாக்கத்தான் வேண்டும் என்றால் 400 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். அப்புறம் பஃபிங் சக்கரம். வெளியே கொடுத்தால் பாத்திரக் கடைகளுக்கு வேலை செய்யும் பஃபிங் பட்டறைகள் செய்து தருவார்கள், ஆனால் பொறித்த எழுத்துகளைத் தேய்த்துத் தள்ளிவிடுவார்கள். எழுத்துள்ள இடத்தை நீங்களே கையால் முடித்துவிட்டுக் கொடுங்கள். காரமான சோப்பும் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இன்னும் முக்கியமான எச்சரிக்கை: எல்லா வெள்ளை உலோகமும் அலுமினியம் அல்ல. ஹூவர் 150இல் மெக்னீசியக் கலவை இருக்கிறது. மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். வெளியே தெரியாத இடத்தில் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அதைச் சக்கரத்தில் பிடிக்காதீர்கள். கையால் துடைத்து மெழுகு போட்டால் போதும், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலும் இருக்கட்டும்.

பேக்கலைட்டைத் தேய்த்துத் தூள் கிளப்ப வேண்டாம். கார் பாலிஷ், அதன் மேல் மெழுகு. வெயில் பட்டு வெளுத்த பேக்கலைட் முழுசாகப் பழைய நிறத்துக்கு வராது.

துணிப்பையைத் துவைக்கலாமா?

அசல் பையை நான் துவைக்க மாட்டேன். சாயம் ஓடும், எழுத்து போகும், நெசவை இறுக்கி வைத்திருக்கும் பூச்சு கரைந்து, பிறகு தூசு பை வழியாகவே வெளியே வரும். உள்புறத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். நாற்றம் போகவில்லை என்றால் நிழலில் காற்றாட நாலைந்து நாள் தொங்கவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு நகல் பை தைத்துக்கொள்வது நல்ல வழி. நெருக்கமான ட்வில் துணி, இரட்டைத் தையல். அசல் பையைப் பிரிக்காமல் அளவெடுக்கத் தெரிந்த தையல்காரர் வேண்டும். காகிதப் பை போடும் மாடல்களில் இந்தக் கவலை குறைவு. அமெரிக்க எலக்ட்ரோலக்ஸில் 1950களின் தொடக்கத்திலிருந்து வந்த பல சிலிண்டர்களுக்கு 'சி' வகைப் பை இன்றும் கடையில் கிடைக்கிறது.

பெல்ட்டும் குழாயும்?

பெட்டி பிரிக்காத ஐம்பது ஆண்டுப் பழைய பெல்ட் என்று ஆசை காட்டுவார்கள். ரப்பர் பெட்டிக்குள்ளும் கெட்டியாகும், புதிதாகத் தயாரானதை வாங்குங்கள். பழைய ஹூவரிலும் கர்பியிலும் பெல்ட் ஒரு கால்திருப்பம் திரும்பி பிரஷ் உருளைக்குப் போகும். தப்பான பக்கம் திருப்பினால் உருளை எதிர்த்திசையில் சுற்றி, குப்பையை உங்கள் காலில் வீசும். அடியில் அம்புக்குறி இருக்கும், பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடலாம்.

குழாய் ஓட்டையா என்று தெரிய, ஓடும்போது முனையை உள்ளங்கையால் மூடுங்கள். மோட்டாரின் சுருதி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. நூல் பின்னிய பழைய குழாயை ஒட்டுவது பெரும்பாலும் வீண் வேலை. உலோக முனைகளைக் கழற்றிப் புதுக் குழாயில் மாட்டிவிட்டு, பழைய குழாயைக் காட்சிக்கு வைப்பதுதான் வழக்கம்.

அமெரிக்க 120 வோல்ட் மெஷினை இந்தியாவில், இலங்கையில் ஓட்டலாமா?

நேரடியாக 230 வோல்ட்டில் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. தகட்டில் 4 ஆம்பியர் என்றிருந்தால் அது கிட்டத்தட்ட 480 வாட். தொடங்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் 1000 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்க கன்வெர்ட்டர் உதவாது. 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலையில்லை, யுனிவர்சல் மோட்டாருக்கு அது பொருட்டே அல்ல.

பரணில் ஒரு யூரோக்ளீன் கிடக்கிறது. அது சேகரிக்கத் தக்கதா?

இப்போதைக்கு யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. அதனால்தான் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். 1982இல் எலக்ட்ரோலக்ஸ் கூட்டில் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி யூரோக்ளீனை விற்றது. கம்பளமே இல்லாத, மொசைக் தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் துடைக்கும் வீடுகளில் அதை விற்றார்கள் என்பதே சாதனைதான். பல வீடுகளில் சோபாவையும் ஒட்டடையையும் சில தடவை உறிஞ்சிவிட்டுப் பெட்டியோடு பரணேறியது. குழாய், பிரஷ்கள், கையேடு, வாரண்டி அட்டை எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். காயலான் கடையில் எடைக்குப் போடும் முன் நான் மேலே சொன்ன மென்மையான பொருட்களின் நிலையைப் பாருங்கள்.

பழைய மெஷின் புதியதைவிட நன்றாகச் சுத்தம் செய்யுமா?

கம்பளத்தில், ஓரளவுக்கு ஆம். 1926இன் ஹூவர் 700இலிருந்து உருளையில் உலோகக் கட்டைகள் வைத்துக் கம்பளத்தைத் தட்டி மணலை மேலே கொண்டுவந்தார்கள். அந்த மெஷின்கள் சில நூறு வாட்டில் வேலையை முடித்தன. பிற்காலத்தில் கம்பெனிகள் வாட்டை ஏற்றி ஏற்றி விளம்பரம் செய்ய, ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட், 2017இல் 900 வாட் என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

வடிகட்டுவதில் பழையது தோற்றுவிடும். நுண்தூசு துணிப்பை வழியாக வெளியே வரும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர் வீட்டில் தினசரி ஓட்டாதீர்கள். ஸ்பேங்லரின் ஆஸ்துமாவில் பிறந்த மெஷின் என்பது வேறு விஷயம்.

மின்சாரம் இல்லாத மாடல்களும் உண்டாமே?

உண்டு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் துருத்தி வைத்த மெஷின்கள் நிறைய வந்தன. பிரிட்டனின் பேபி டெய்சிக்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் துருத்தியை இயக்க இன்னொருவர் குழாயைப் பிடிப்பார். மியூசிக் பாக்ஸ் செய்துகொண்டிருந்த ரெஜினா நிறுவனம்கூட இந்தத் தொழிலில் இறங்கியது. துருத்தித் தோல் வறண்டு வெடித்திருக்கும். ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் காட்டலாம், அதே வேலைதான்.

டைசன், ஹென்றி எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

1993இன் டைசன் டிசி01 ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கு முன் 1986இல் ஜப்பானில் விற்ற ரோஜா நிற ஜி-ஃபோர்ஸ் கிடைத்தால் விடவே விடாதீர்கள். முகம் வரைந்த பிரிட்டிஷ் மெஷினான ஹென்றி இன்னும் தயாராகிக்கொண்டே இருப்பதால், 1980களின் தொடக்கத்து மாடல்களுக்கு மட்டும்தான் தனி மரியாதை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஒஹாயோவின் நார்த் கேன்டனில், ஹூவர் சிறுவயதில் வளர்ந்த வீடு ஹூவர் வரலாற்று மையமாக இருக்கிறது. மிஸௌரி மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் ஊரில் வாக்குவம் கிளீனர் அருங்காட்சியகம் ஒன்று அமைத்தார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் பூத்தின் ஆரம்பகால இயந்திரம் உண்டு. லண்டனுக்குப் போகிறவர்கள் மேற்கே பெரிவேலில் 1930களின் ஹூவர் தொழிற்சாலைக் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளை வெளேரென்ற ஆர்ட் டெக்கோ முகப்பு, இப்போது உள்ளே அடுக்குமாடி வீடுகள், பின்னால் சூப்பர் மார்க்கெட். போகும் முன் திறப்பு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படி வைத்துப் பாதுகாப்பது?

நம் ஊர் ஈரக்காற்றில் கடலோரம் என்றால் இரும்புத் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும், அவற்றுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்து பை பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பையைக் காலியாக, மடிப்பு விழாமல் வையுங்கள், எலிக்கு அது பிடித்த மெத்தை. ஒயரைக் கொக்கியில் இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுற்றுங்கள். மாதம் ஒரு தடவை இரண்டு நிமிடம் ஓட்டிவிடுங்கள், பக்கத்து வீட்டில் தூங்காத நேரமாகப் பார்த்து.